சின்னக் கைகளுக்குக் கைவேலை: மைதாப் பசையிலிருந்து மாங்கொட்டைப் பொம்மை வரை

3 வயது முதல் 8 வயது வரையுள்ள குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கான வழிகாட்டி இது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து வீடுகளில் சும்மா கிடக்கும் பொருள்களே போதும்: பழைய செய்தித்தாள், முற்றிப்போன வெண்டைக்காய், மாங்கொட்டை, புளியங்கொட்டை, ஓட்டை விழுந்த பட்டுக்கூடு. கடையில் வாங்க வேண்டியது கொஞ்சம் மைதா, வெந்தயம், சமையல் சோடா, வெள்ளைத்தாள், அவ்வளவுதான்.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் கைத்திறனில் இல்லை, வரிசையில்தான். குழந்தையை உட்கார வைத்துவிட்டு அப்புறம் கத்தரிக்கோலைத் தேடுவார்கள். ஒட்டியது காய்வதற்குள் வண்ணத்தைக் கையில் கொடுப்பார்கள். முதல் நாளே பொம்மை செய்யப் பார்ப்பார்கள். கீழே உள்ளவற்றை எண் வரிசைப்படியே செய்யுங்கள். ஒரு வேலையில் பழகிய கைதான் அடுத்த வேலைக்கு உதவும்.

1. குழந்தையைக் கூப்பிடும் முன்பு

பெரியவர் பங்கு முழுவதும் முடிந்த பிறகே குழந்தையைக் கூப்பிட வேண்டும். 4 வயதுக் குழந்தை ஒரே வேலையில் 15, 20 நிமிடம் உட்கார்ந்தால் பெரிய விஷயம். அதில் 10 நிமிடம் நீங்கள் பசை காய்ச்சப் போய்விட்டால், திரும்பி வரும்போது அது வேறு விளையாட்டுக்குப் போயிருக்கும்.

தரையில் செய்வதே நல்லது. மேசை உயரம் சின்னக் குழந்தையின் தோளுக்கு வந்துவிடும், கையை அழுத்த முடியாது. பழைய லுங்கியையோ சாக்கையோ விரித்து நான்கு மூலையிலும் கனமாக ஏதாவது வையுங்கள். மேலே செய்தித்தாள் மட்டும் விரித்தால் ஈரத்தில் கிழிந்து காலோடு ஒட்டிக்கொண்டு போகும்.

கை துடைக்க ஈரத்துணி ஒன்று, காய்ந்த துணி ஒன்று இரண்டும் பக்கத்தில் இருக்கட்டும். ஈரக் கையோடு தாளைத் தொட்டால் வேலை அங்கேயே கெடும். செய்ததைக் காயவைக்கும் இடத்தையும் முன்பே பார்த்து வையுங்கள். முறமோ பெரிய தாம்பாளமோ இருந்தால் அப்படியே தூக்கி வைத்துவிடலாம்.

2. எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

அட்டைப்பெட்டி, செய்தித்தாள், கல்யாணப் பத்திரிகை, தேங்காய்த் தொட்டி, ஈர்க்குச்சி, துணித்துண்டு எல்லாவற்றையும் ஒரு பழைய கூடையில் போட்டு வாருங்கள். புளி உடைக்கிற மாசி, பங்குனியில் கொட்டை எவ்வளவு வேண்டுமானாலும் கிடைக்கும். கழுவி, வெயிலில் காயவைத்து, மூடி போட்ட டப்பாவில் வைத்தால் ஆண்டு முழுக்க வரும்.

விதை, கொட்டை, மணி போன்ற சின்னப் பொருள்களை 5 வயதுக்குக் கீழே உள்ள குழந்தையிடம் தனியே விடாதீர்கள். வாயில் போடுவது மட்டுமில்லை, மூக்கிலும் காதிலும் திணித்துக்கொள்ளும். 3 வயதுக் குழந்தை கூட இருந்தால் அன்றைக்குக் கொட்டை வேலையே வேண்டாம்.

அடுத்து சொல்வதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை. வேலியோரத்தில் கிடைக்கும் குன்றிமணி சிவப்பும் கறுப்புமாக அழகாக இருக்கும். பிள்ளையாருக்குக் கண்ணாக வைக்கிறோமே என்று பலரும் பயமில்லாமல் கொடுக்கிறார்கள். அது கடும் விஷம், கடித்து மென்றால் உயிருக்கே ஆபத்து. கோலம் போட்டது போல வரிவரியாக இருக்கும் ஆமணக்கு விதையும் அப்படித்தான். நம் பக்கத்துக் காடுகளில் ஆமணக்கு சாதாரணமாக நிற்பதால் குழந்தையே பொறுக்கிக்கொண்டு வரும். அரளிப்பூவும் இலையும், ஊமத்தங்காயும் வேண்டாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு. இவற்றில் ஒன்றைக் குழந்தை மென்றிருக்கலாம் என்று சந்தேகம் வந்தால், கைவைத்தியம் பார்க்காமல் அந்த விதையையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

3. பசை காய்ச்சுதல்

எல்லா வேலைக்கும் அடிப்படை இதுதான். முதல் நாள் மாலையே காய்ச்சி ஆறவைத்துவிடுங்கள்.

3 மேசைக்கரண்டி மைதாவுக்கு 200 மில்லி தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. முதலில் மாவைப் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்துவிட வேண்டும், அதற்கப்புறம்தான் அடுப்பு. கொதிக்கிற தண்ணீரில் மாவைக் கொட்டினால் ஒவ்வொரு உருண்டையும் வெளியே வெந்து, உள்ளே மாவாகவே நின்றுவிடும். எவ்வளவு கிண்டினாலும் அந்தக் கட்டி கரையாது.

சின்னத் தீயில் அடிப்பிடிக்காமல் கிண்டிக்கொண்டே இருங்கள். வெள்ளை நிறம் மங்கி, பசை பளபளப்பாகத் தெரிந்ததும் இறக்கிவிடுங்கள். கரண்டியிலிருந்து மெதுவாக வழிய வேண்டும். ஆறினால் இன்னும் இறுகும் என்பதால் அடுப்பிலேயே கெட்டியாக்க வேண்டாம்.

போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் கட்டுகிறவர்களும் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடுவார்கள். குழந்தைகள் தொடும் பசையில் அதைப் போடவே கூடாது, அது விஷம். அதற்குப் பதில் கொஞ்சமாகக் காய்ச்சி 2 நாளில் தீர்த்துவிடுங்கள். புளித்த வாடை வந்தால் கொட்டிவிடலாம்.

புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்துக் காய்ச்சும் பசை இதைவிட நன்றாகப் பிடிக்கும். ஆனால் வேலை அதிகம். மைதாப் பசையே போதும் என்பது என் எண்ணம்.

4. முதல் வேலை: வெண்டைக்காய் அச்சு

3 வயதுக் குழந்தைக்கும் இது வரும். உடனே பலன் தெரிகிற வேலை என்பதால்தான் முதலில் வைத்திருக்கிறேன்.

குழம்புக்கு ஆகாத முற்றின வெண்டைக்காய்தான் இதற்கு ஏற்றது. பிஞ்சு அழுத்தினால் நசுங்கும், முற்றினதில் ஓரங்கள் விறைப்பாக நிற்கும். காம்புப் பக்கம் குழந்தை பிடிக்க 3 விரல் நீளம் விட்டு, குறுக்கே ஒரே வெட்டாக வெட்டுங்கள். அறுத்து அறுத்து வெட்டினால் முகம் மேடுபள்ளமாகி, அச்சு பாதிதான் விழும். வெட்டிய பக்கத்தில் வழவழப்பு ஊறும். துணியில் ஒற்றி 10 நிமிடம் விட்டால் வண்ணம் வழுக்காது.

வண்ணத்துக்கு மஞ்சள்தூளைக் கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, அதில் ஒரு கரண்டி பசை கலந்துகொள்ளுங்கள். பசை இல்லாவிட்டால் தாளில் தண்ணீர் மட்டும் பரவி, பூ வடிவம் கலைந்துவிடும். பீட்ரூட் துருவிப் பிழிந்த சாற்றிலும் இப்படியே செய்யலாம். தட்டில் பழைய பனியன் துணியை நான்காக மடித்து வைத்து, வண்ணத்தை அந்தத் துணியில் ஊற்றுங்கள். தட்டிலேயே ஊற்றினால் காய் முங்கி, முதல் அச்சு வெறும் திட்டாகத்தான் விழும்.

குழந்தைகள் அச்சை வைத்துத் தேய்ப்பார்கள். "இழுக்காத கண்ணு, வச்சு எடு" என்று சொல்லிக்கொண்டே நீங்கள் உங்கள் தாளில் ஒன்று வைத்துக் காட்டினால் போதும். கையைப் பிடித்து அழுத்த வேண்டாம். நான்காவது, ஐந்தாவது அச்சில் தானாகவே பிடித்துக்கொள்ளும். முதல் நாள் 2 வண்ணத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். எல்லாம் கலந்து சேற்று நிறமாகி, குழந்தைக்கே பிடிக்காமல் போகும்.

5 வயதுக்கு மேல் இருந்தால் இன்னொன்று செய்து பார்க்கலாம். மஞ்சள் அச்சு நன்றாகக் காய்ந்த பிறகு, அரை டம்ளர் தண்ணீரில் ஒரு சின்னக் கரண்டி சமையல் சோடா கரைத்து, பஞ்சால் அதன்மேல் தொடச் சொல்லுங்கள். தொட்ட இடம் செம்பழுப்பாக மாறும். அதன்மேல் எலுமிச்சைச் சாறு தொட்டால் மறுபடி மஞ்சள். குங்குமம் சிவப்பதும் இதே வழியில்தான். ஆனால் சுண்ணாம்பைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள், தோலையும் கண்ணையும் பொத்துவிடும். மஞ்சளும் பீட்ரூட்டும் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும், ஆகவே இந்தத் தாள்களைக் காயவைப்பதும் மாட்டுவதும் நிழலில்தான்.

5. இரண்டாவது வேலை: கிழித்து ஒட்டுதல்

கத்தரிக்கோலுக்கு முன்னால் கிழிக்கப் பழக வேண்டும். இரண்டு கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதிரெதிராக வேலை செய்வது கிழிப்பதில்தான் நன்றாகப் படியும். வளவளப்பான பத்திரிகைத் தாளைவிடச் செய்தித்தாள் எளிது. மேலிருந்து கீழாக இழுத்தால் நேராகக் கிழியும், பக்கவாட்டில் கோணிப் போகும். நீளக் கீற்று வேண்டுமா, துண்டு துண்டாக வேண்டுமா என்பதைப் பார்த்து எந்தப் பக்கம் இழுப்பது என்று காட்டுங்கள்.

பெரிய தாளில் நீங்கள் ஒரு மாம்பழமோ மீனோ வரைந்து கொடுத்து, குழந்தை அதனுள் துண்டுகளை ஒட்டலாம். பசையைத் துண்டில் தடவாமல் அடித்தாளில் தடவச் சொல்லுங்கள். துண்டில் தடவினால் அது விரலோடுதான் போகும், தாளுக்கு வராது. ஒரே நேரத்தில் உள்ளங்கை அளவு இடத்தில் மட்டும் தடவினால் காய்வதற்குள் ஒட்டி முடிக்கலாம்.

கோட்டுக்கு வெளியே ஒட்டினால் விட்டுவிடுங்கள்.

6. மூன்றாவது வேலை: காகிதக்கூழ்க் கிண்ணம்

இதற்கு 4, 5 நாள் ஆகும். தினமும் கொஞ்ச நேர வேலைதான், ஆனால் காய்வதற்குப் பொறுமை வேண்டும். பலர் பாதியில் விட்டுவிடுவது இங்கேதான். ஐப்பசி, கார்த்திகை மழையில் தொடங்காதீர்கள். கூழ் காயாமல் பூசணம் பிடித்து நாறும்.

*முதல் நாள்.* நடுத்தரக் கிண்ணம் ஒன்றுக்குச் செய்தித்தாளில் 10 தாள் எடுத்துக்கொள்ளுங்கள். விரல்நுனி அளவுக்குக் கிழிக்க வேண்டும், முந்தைய வேலையில் பழகிய கைக்கு இது விளையாட்டு. வாளியில் மூழ்கும் அளவு தண்ணீர் ஊற்றி ஒரு நாள் முழுக்க ஊறவிடுங்கள். 2 மேசைக்கரண்டி வெந்தயத்தைத் தனியாக ஊறப்போடுங்கள்.

*இரண்டாம் நாள்.* கூழாக்குவது பெரியவர் வேலை. மிக்சியில் போடுவதானால் ஒரு பிடி தாளுக்கு ஜார் முக்கால் அளவு தண்ணீர் வேண்டும். தண்ணீர் குறைந்தால் தாள் பிளேடைச் சுற்றி மோட்டார் சூடேறும். ஆட்டுக்கல் இருந்தால் அதுவே நல்லது. பழைய வேட்டித் துணியில் வடிகட்டிப் பிழியுங்கள். வெந்தயத்தை மை போல அரைத்து, கூழோடும் அரை டம்ளர் பசையோடும் சேர்த்துப் பிசையுங்கள். வெந்தயத்தின் வழவழப்பு கூழை இழுத்துப் பிடிக்கும். பிசைவதைக் குழந்தையிடமே விடலாம், அதற்கு மிகவும் பிடித்த கட்டம் இதுதான். சப்பாத்தி மாவுப் பதத்துக்கு வர வேண்டும். அழுத்தினால் தண்ணீர் சொட்டக் கூடாது, விண்டால் உதிரவும் கூடாது.

அச்சுக்கு ஒரு பிளாஸ்டிக் கிண்ணம். வழக்கமாகக் கிண்ணத்தைக் கவிழ்த்து வெளிப்பக்கம்தான் அப்புவார்கள். பழகிய கைக்கு அது சரி. குழந்தைகள் செய்யும்போது உள்பக்கம் அப்பச் சொல்லுங்கள். கூழ் காயும்போது சுருங்கும். வெளியே அப்பியது சுருங்கி அச்சை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், கழற்றும்போது வெடிக்கும். உள்ளே அப்பியது சுவரிலிருந்து தானாக விலகி வந்துவிடும். உள்ளே மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை முன்பே விரித்துக்கொள்ளுங்கள்.

கனம் குழந்தையின் சுண்டுவிரல் பருமன் இருந்தால் போதும். அடியில் மட்டும் குவித்துவிட்டு ஓரத்தை மெல்லியதாக விடுவது எல்லாக் குழந்தைகளும் செய்வதுதான். அதனால் ஓரத்திலிருந்து தொடங்கி அடிக்கு வரச் சொல்லுங்கள்.

*மூன்றாம் நாள் முதல்.* காயவைக்கும் முதல் நாள் நிழலில்தான் இருக்க வேண்டும். சித்திரை வெயிலில் நேராக மாடியில் வைத்தால் மேல்பரப்பு மட்டும் காய்ந்து இழுத்து, வெடிப்பு விடும். ஓரம் விலகியதும் கிண்ணத்திலிருந்து எடுத்து, கவிழ்த்து, அப்புறம் வெயிலுக்குக் கொண்டுபோங்கள். ஓசூர், தளிப் பக்கத்துக் குளிர்ச்சிக்கு ஒன்றிரண்டு நாள் கூடுதலாகவே ஆகும். காய்ந்ததா என்று பார்க்க அடிப்பாகத்தைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது.

வெடிப்பு விட்டிருந்தால் எடுத்து வைத்த கொஞ்சம் கூழில் பசை கலந்து அடைக்கலாம். முழுக்கக் காய்ந்ததும் வெளியே ஒரு சுற்று வெள்ளைத்தாள் கிழித்து ஒட்டிவிட்டால், அதன்மேல் வெண்டைக்காய் அச்சு அழகாக விழும். நேராகக் கூழின்மேல் அச்சு வைத்தால் வண்ணத்தை உறிஞ்சிவிடும். இது பென்சில், பாசிமணி, சில்லறை போடத்தான். தின்பண்டம் வைக்க வேண்டாம், செய்தித்தாள் மை அதில் இருக்கிறது.

7. நான்காவது வேலை: மாங்கொட்டைப் பொம்மை

சித்திரைக் கடைசியிலிருந்து ஆனி வரை நம் ஊரில் மாங்கொட்டைக்குப் பஞ்சமில்லை. கடித்துச் சப்பித் தின்கிற நார் மாம்பழத்தின் கொட்டையைத் தனியே எடுத்து வையுங்கள். பொம்மைக்குத் தலைமுடி அந்த நார்தான். நார் குறைந்த ஒட்டுப்பழக் கொட்டையில் மொட்டைத் தாத்தாதான் வருவார், அதையும் குழந்தைகள் விரும்பித்தான் செய்கிறார்கள்.

சாப்பிட்ட அன்றே கழுவ வேண்டும். மறுநாள் என்று விட்டால் சதை நாரோடு இறுகி, ஈயும் மொய்க்கும். பழைய பல் பிரஷால் ஓடும் தண்ணீரில் தேய்த்து, மஞ்சள் நீர் வருவது நிற்கும்வரை அலசுங்கள். ஈரமாக இருக்கும்போதே பல் அகன்ற சீப்பால் நாரை ஒரே பக்கம் வாரிவிடுங்கள். காய்ந்த பிறகு வாரினால் பிய்ந்து வரும்.

முறத்தில் பரப்பி ஒரு வாரம் வெயிலில் போடுங்கள், தினம் ஒருமுறை திருப்புங்கள். தரையில் போட்டால் எறும்பு ஏறும். காதோரம் ஆட்டிப் பாருங்கள். உள்ளே பருப்பு காய்ந்து கடகடவென்று ஆடினால் தயார். சத்தம் இல்லையென்றால் இன்னும் 2 நாள். கொட்டையில் வட்ட ஓட்டை தெரிந்தால் உள்ளே வண்டு இருந்திருக்கிறது. அதை ஒதுக்கிவிடுங்கள்.

முகம் வரைவதில்தான் பலருக்கும் ஏமாற்றம். கொட்டையின் மேல்பரப்பு சொரசொரப்பு, ஸ்கெட்ச் பேனா ஓடாது. முகம் வர வேண்டிய பக்கத்தில் வெள்ளைத்தாளைச் சிறு துண்டுகளாகக் கிழித்து 2 அடுக்கு ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள். மறுநாள் அதன்மேல் கண்ணும் மூக்கும் வரையலாம். ஈரத்தாளில் வரைந்தால் மை பரவி, பொம்மை அழுவது போல ஆகிவிடும்.

நிற்க வைக்க, ஏரிக் களிமண் உருண்டை ஒன்றை அழுத்தித் தட்டையாக்கி, அதில் கொட்டையைக் கால்வாசி செருகிக் காயவிடுங்கள். உடம்புக்குத் துணித்துண்டைச் சுற்றி நூலால் கட்டலாம். முடிச்சுப் போடுவது மட்டும் உங்கள் வேலை. ஆயா, தாத்தா வீட்டில் இருந்தால் இந்தக் கட்டத்தில் அவர்களைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். கொண்டை போடுவதும் பின்னுவதும் அவர்கள் கைக்குத்தான் நன்றாக வரும்.

8. ஐந்தாவது வேலை: பட்டுக்கூட்டுப் பூ

6 வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு மட்டும். பட்டுப்புழு வளர்க்கிற வீடுகளில் பூச்சி வெளியேறிய ஓட்டைக் கூடுகளைக் கேட்டு வாங்குங்கள். நல்ல கூடு வேண்டாம், உள்ளே உயிர் இருக்கும், விலையும் உண்டு. கறை படிந்து நாறுகிற கூட்டில் புழு செத்திருக்கும், அதையும் தொட வேண்டாம்.

கூட்டைக் குறுக்கே வெட்டி உள்ளே இருக்கும் தோலை எடுப்பது பெரியவர் வேலை. கூடு கெட்டியாக இருக்கும், குழந்தைக் கத்தரிக்கோல் வழுக்கி விரலில் படும். வெதுவெதுப்பான தண்ணீரில் அலசினால் போதும், கொதிக்க வைத்தால் கூட்டின் பசை இளகி வடிவம் தளர்ந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே மஞ்சள் நீரில் முக்கி ஒரு மணி நேரம் விடுங்கள். பட்டு மஞ்சளை நன்றாகப் பிடிக்கும். காய்ந்ததும் ஓரத்தில் 5 வெட்டு போட்டுக் கொடுத்தால், இதழ்களைக் குழந்தை வெளிப்பக்கமாக வளைத்துவிடும். நடுவில் ஒரு புளியங்கொட்டை, அடியில் ஈர்க்குச்சி. குச்சியின் கூர்நுனியை முன்பே ஒடித்துவிடுங்கள்.

9. பெரியவர்கள் செய்யும் தவறுகள்

குழந்தை எழுந்து போனதும் அது செய்ததைத் திருத்தி வைப்பது முதல் தவறு. கோணிய கண்ணை நேராக்கினால் அடுத்த நாள் "நீயே பண்ணும்மா" என்று தள்ளிவிடும். அழகான மாதிரி ஒன்றைச் செய்து எதிரே வைப்பதிலும் இதே கதைதான். மாதிரி காட்டுவதென்றால் ஒரு படி மட்டும் காட்டிவிட்டு அதை ஓரமாக வைத்துவிடுங்கள்.

காயாத வேலையை உறவினருக்குக் காட்ட எடுப்பது இன்னொன்று. அண்ணன் தங்கை இருவர் இருந்தால் ஒரே கிண்ணத்தை இருவரும் செய்யச் சொல்லாதீர்கள். பொருள் ஆளுக்கொன்று, பசைக் கிண்ணம் மட்டும் பொது.

10. எடுத்து வைப்பது

மைதாப் பசை பட்ட எதையும் எறும்பும் கரப்பானும் தேடி வரும். பொம்மைகளையும் கிண்ணத்தையும் மூடிய அலமாரியில் வைக்காமல் காற்றாடும் இடத்தில் வையுங்கள். சில வேப்பிலைகளை அருகில் போட்டு மாதம் ஒருமுறை மாற்றுங்கள். மழை முடிந்ததும் எல்லாவற்றையும் ஒரு நாள் வெயில் காட்டுங்கள். மாங்கொட்டையில் அன்றைக்குப் புதிதாக ஓட்டை தெரிந்தால் துணியையும் முகத்தாளையும் கழற்றி வைத்துக்கொண்டு கொட்டையை மட்டும் தூக்கிப் போடலாம், அடுத்த சித்திரையில் வேறு கொட்டை கிடைக்கும். ஒவ்வொன்றின் அடியிலும் பெயர், தேதி, வயதைப் பென்சிலால் எழுதி வையுங்கள். ஸ்கெட்ச் பேனா மை ஈரம் பட்டால் ஊறிவிடும்.